நின்னுடுச்சா

நானும் என் தங்கையும் போனில் ‘ஹலோ’ சொல்லிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. யார் கூப்பிட்டாலும், எடுத்தவள் கேட்கிற முதல் வார்த்தை “நின்னுடுச்சா?” என்பதுதான். எனக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு நாற்பத்தாறு. இரண்டு பேருக்கும் மாதவிடாய் நிற்கிற காலம். நிற்கிற காலம் என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள், அது எங்கே நிற்கிறது? மூன்று மாதம் வராமல் இருக்கும். அப்பாடா, ஒழிந்தது என்று நாம் பெருமூச்சு விடுகிற நேரம் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்தால் லேசில் போகாது.

யாருக்கு முதலில் நிற்கிறதோ அவள் கொடுத்துவைத்தவள் என்று எங்களுக்குள் பேச்சு. பக்கத்தில் யார் இருந்தாலும் அந்த ஒற்றை வார்த்தையில் விஷயம் முடிந்துவிடும். நாங்கள் மழையைப் பற்றித்தான் விசாரித்துக்கொள்கிறோம் என்று என் வீட்டுக்காரர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். வெயில் கொளுத்துகிற ஒரு நாளில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

எனக்கு சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை, செக்கிங் பிரிவில். வெள்ளைச் சட்டைகளை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்துப் போட்டுக் கறை தேட வேண்டும். மிஷின் எண்ணெய், விரல் அழுக்கு, ஊசி குத்திய ரத்தம், எதுவானாலும் அதற்கு நேராக ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவேன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத கறையும் என் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனியில் எனக்குக் கழுகுக்கண்ணு என்று பெயர். அடுத்த அறையில் அயர்ன் பிரிவு. அங்கே நீராவிக்கு ஒரு பாய்லர் உண்டு. எங்கள் மேஜையில் நாற்பத்தைந்தைத் தாண்டிய நாலைந்து பேர் இருக்கிறோம். திடீரென்று ஒருத்திக்கு முகம் சிவந்து கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டும். “பாய்லர் போட்டாச்சு” என்பாள். பக்கத்திலிருப்பவள் சட்டைக் காலருக்குள் வைக்கிற அட்டையை எடுத்து விசிறிவிடுவாள். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

அன்று காலை தங்கை கூப்பிட்டபோது நான் வழக்கம்போல, “என்னடி, நின்னுடுச்சா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“அக்கா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. கிளம்பி வந்துடு.”

அம்மா அவளோடுதான் இருந்தாள். எழுபத்தொரு வயது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆக்சிஜன் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“இன்னிக்கு நாளைக்குன்னு சொல்றார். உன்னையேதான் கேக்கறா. பெரியவ கிளம்பிட்டாளா, பெரியவ கிளம்பிட்டாளான்னு.”

எனக்கு அன்றைக்குப் பார்த்து வந்திருந்தது. வந்தது என்றால் சாதாரணமாக இல்லை, குழாயைத் திறந்துவிட்டதுபோல. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வட்டியோடு வந்திருந்தது. ஆனால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற நாளா அது? பையை எடுத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றேன்.

இந்த மாதிரி நேரத்தில் எப்படிப் பயணம் போவது என்று கம்பெனி நர்ஸ் ஒரு தடவை எங்களுக்கெல்லாம் வகுப்பே எடுத்திருந்தாள். கறுப்பு பேன்ட். உள்ளே கையில்லாத பருத்திச் சட்டை, அதன்மேல் தொளதொளவென்று இன்னொரு பருத்திச் சட்டை, அதன்மேல் கழற்றி மாட்டத் தோதாக ஒரு கோட்டு. வேர்த்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், பிறகு குளிரெடுத்தால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம். மாற்று உடுப்பு ஒரு செட். பேட் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. டப்பாவில் ஈரக் கைக்குட்டை. ஐஸ் போட்ட தண்ணீர். காபியைத் தொடவே கூடாது. உட்காருகிற சீட்டில் விரிக்க ஒரு கறுப்புத் துண்டு. மகள் தன் கைக்கடக்கமான பேட்டரி ஃபேனைக் கொண்டுவந்து பைக்குள் போட்டாள்.

“ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காரு, காத்து வரும்” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு அச்சகத்தில் மதியம்வரை ஷிப்ட். முடித்துக்கொண்டு மகளோடு மாலையில் வருவதாகப் பேச்சு.

“எனக்குக் காத்து முக்கியமில்லைங்க. நினைச்சப்ப இறங்கற மாதிரி நடைவழி ஓரத்துல இருக்கணும்” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற அளவுக்கு அவருக்கு விவரம் வந்துவிட்டது.

பஸ்ஸில் கதவுக்கு இரண்டு வரிசை தள்ளி நடைவழியோர சீட்டே கிடைத்தது. ஜன்னலோரம் மப்ளர் சுற்றிக்கொண்டு ஒரு ஜலதோஷக்காரர். நான் துண்டை நாலாக மடித்து சீட்டில் போட்டு உட்கார்ந்ததை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சீட்டு அழுக்கென்று நான் நினைப்பதாக எண்ணிக்கொண்டார் போல, தன் சீட்டையும் ஒரு தடவை தட்டிவிட்டுக்கொண்டார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் பாய்லர் போட்டுவிட்டார்கள். மார்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒரு சூடு. கழுத்து, காது, தலைக்குள் என்று ஏறியது. கோட்டைக் கழற்றினேன், மேல்சட்டையைக் கழற்றினேன், ஃபேனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஜலதோஷக்காரர் ஜன்னல் கண்ணாடியை நன்றாக இழுத்துச் சாத்தினார்.

“கொஞ்சம் தொறந்து வைங்களேன்.”

“குளுருதும்மா.”

“எனக்கு வேகுது.”

“ஒரே பஸ்ஸுலதானம்மா வர்றோம்” என்றார் பாவமாக. கடைசியில் இரண்டு விரல் அளவு திறந்து வைப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று.

சூடு தணிந்து வியர்வை காய்ந்து குளிரத் தொடங்கியபோது, எழுந்து துண்டைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன். உட்காரும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அம்மாவின் மெரூன் கலர் போர்வை.

என் மகள் பிறந்தபோது அம்மா வரவில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சிசேரியன். தையல் வலியோடு படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அம்மாவா என்று பார்த்தேன். “உடம்பு சரியில்ல, அப்புறம் வரேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். என்ன உடம்பு என்று சொல்லவில்லை. அப்பா கேட்டவர்களிடமெல்லாம் “அவளுக்கு பஸ் ஒத்துக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் அம்மாதான் எனக்கும் சேர்த்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று மனதில் விழுந்த கறை அது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன். அம்மாவுக்கும் எனக்கும் என்ன வாக்குவாதம் வந்தாலும், “பிள்ளை பெத்தப்ப வராதவதானே நீ” என்பதில் போய் முடியும். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

குழந்தை தவழ ஆரம்பித்த பிறகுதான் அம்மா வந்தாள். வரும்போது கனமான மெரூன் போர்வை ஒன்றைக் கொண்டுவந்தாள். என் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும், நாற்காலியோ சோபாவோ கட்டிலோ, முதலில் அந்தப் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். எழுந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போவாள். என் வீடு அவளுக்குச் சுத்தமில்லை என்று நினைத்தேன். “அப்படி என்னம்மா அழுக்கா இருக்கு என் வீடு?” என்று ஒருநாள் கேட்டும் விட்டேன். “என் துணி எனக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அப்போது அம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது.

கறுப்புத் துண்டின்மேல் உட்கார்ந்துகொண்டு நான் அதைக் கணக்குப் போட்டேன். மெரூன் கலரில் எது பட்டாலும் தெரியாது. ஊர் உலகத்துக் கறையெல்லாம் கண்டுபிடிக்கிற எனக்கு, என் அம்மா எதை மறைத்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியவில்லை. அவளுக்கு நர்ஸ் இல்லை, ஒரே வார்த்தையில் விசாரித்துக்கொள்ளத் தங்கை இல்லை. பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகுமோ என்று பயந்து வாசலைத் தாண்டாமல் இருந்திருக்கிறாள். அதைப் பெற்ற பெண்ணிடம்கூடச் சொல்ல வாய் வராமல் ‘வராத அம்மா’ என்கிற பட்டத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. ஜலதோஷக்காரர் எனக்கும் ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று நினைத்து, குற்ற உணர்ச்சியோடு ஜன்னலை முழுவதும் சாத்தினார்.

போனதும் முதல் வேலையாக அம்மாவின் காதோரம் குனிந்து, “எனக்குப் புரிஞ்சுடுச்சும்மா” என்று சொல்ல வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அவளுக்கு நினைவு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதற்காகவாவது இந்த பஸ் பறக்கக் கூடாதா என்று இருந்தது.

பாதி வழியில் ஒரு பெரிய நிறுத்தத்துக்கு பஸ் வருவதற்குள் என் நிலைமை மோசமாகிவிட்டது. துண்டுவரை நனைந்துவிட்டது தெரிந்தது. இன்னும் பாதித் தூரம் இருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்தேன். உட்கார்ந்திருக்கலாம், நனைந்தால் நனைகிறது என்று. ஆனால் தொடை வழியாக இறங்க ஆரம்பித்த பிறகு உடம்பு அந்த நியாயத்தையெல்லாம் கேட்பதில்லை.

“கொஞ்சம் நேரமாகும், விட்டுட்டுப் போயிடாதீங்க” என்றேன் கண்டக்டரிடம்.

“சீக்கிரம் வாங்கம்மா, டீ குடிச்சதும் எடுத்துடுவோம்.”

எனக்கு ரத்தம் போகிறது, உடுப்பு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவர் காத்திருந்திருப்பார். நல்ல மனிதர்தான். வாயில் வரவில்லை. கம்பெனியில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ‘கறை’ என்று கத்துகிறவள் நான், அங்கே தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினேன். துண்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

பெண்கள் கழிப்பறையில் மூன்று கதவு, இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. வரிசை வெளியே வரைக்கும் நின்றது. முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் அவசரம் என்றேன், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். அதற்கு முன்னால் நின்ற அம்மாள் இரண்டு குழந்தைகளோடு இருந்தாள், அவளிடம் கேட்க மனம் வரவில்லை. உள்ளே போய்க் கழுவி, துடைத்து, எல்லாவற்றையும் மாற்றி, நனைந்ததைப் பிளாஸ்டிக் பையில் முடிந்துகொண்டு வெளியே வந்தபோது பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது. என் கோட்டு அந்த பஸ்ஸோடு போய்விட்டது.

அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்றார்கள். அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டேன். சுற்றிலும் ஹாரன் சத்தம், ஊர் பெயர் கூவுகிற சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

“பஸ்ஸை விட்டுட்டேன்டி.”

“என்னக்கா சொல்ற? ஏன்?”

“எல்லாம் நனைஞ்சு போச்சு. மாத்த இறங்கினேன், போயிட்டான். அம்மா எப்படி இருக்கா?”

“மூச்சு வாங்குது. நினைவு இருக்கு, பேசறா. ஒவ்வொரு வார்த்தையா.”

“போனைக் குடுக்கறியா?”

“மாஸ்க் போட்டிருக்காக்கா. மிஷின் சத்தத்துல அவளுக்கு நேர்ல பேசறதே சரியா கேக்கல.”

“சரி வேண்டாம். நான் வந்துட்டே இருக்கேன்னு சொல்லு. நேர்ல வந்து ஒரு விஷயம் பேசணும்னு சொல்லு.”

“சொல்றேன். நீ பதறாத. இப்ப எப்படி இருக்கு, நிக்குதா?”

“எங்க நிக்குது” என்றேன். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் சொல்லப் போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைத் திட்டவும் வேண்டும் என்று இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய் என்று செல்லமாகத் திட்ட வேண்டும். குளிர் காற்று வீசியது. பையிலிருந்த மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த பஸ் வந்து நின்று, கூட்டம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டேன். பின்னால் எவனோ ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தான்.

“நின்னுடுச்சாக்கா” என்றாள் தங்கை.

“எங்கடி நிக்குது? இது என்னைக் கொன்னுட்டுத்தான் நிக்கும்போல” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹாரனும் ஓய்ந்துவிட்டது. சிக்னல் போய்விட்டதா என்று பார்த்தேன், இருந்தது. அப்போதுதான் அவளுடைய மூச்சு சீராக வரவில்லை என்பது எனக்குக் கேட்டது. இன்னொன்றும் உறைத்தது. ஆக்சிஜன் மிஷினின் இரைச்சல் கேட்கவில்லை.

“அக்கா...” என்றாள். “நான் கேக்கலக்கா. சொன்னேன். நின்னுடுச்சுக்கா. அம்மாவுக்கு.”

ஒரே ஒரு எழுத்து. அவள் ‘சு’ என்றதை நான் ‘சா’ என்று கேட்டிருந்தேன். பின்னால் இருந்தவர்கள் “ஏறுங்கம்மா, ஏறுங்க” என்று தள்ளினார்கள். ஏறினேன். எந்த சீட்டில் உட்கார்ந்தேன், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எதுவும் தெரியாது. துண்டு விரிக்கக்கூட மறந்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே அவள் என் தோளில் விழுந்தாள். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. அம்மா போயிட்டான்னு சொல்ல வாய் வரல. நின்னுடுச்சுன்னு வந்துடுச்சு” என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் அந்த வார்த்தைதான் வந்திருக்கும். வேறு வார்த்தையில் நாங்கள் பேசிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

அம்மாவின் அறை சின்னது. ஜன்னலோரம் கட்டில். மாஸ்க்கை எடுத்திருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்திய தடம் இருந்தது. மிஷின் சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், அம்மாவின் முகம் நன்றாகத் தெரிகிற இடத்தில், ஒரு நாற்காலி. நாற்காலியில் அந்த மெரூன் போர்வை நாலாக மடித்துப் போட்டிருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் அது வெளுத்து, ஓரம் நைந்திருந்தது.

“இதை யாருடி எடுத்தது?”

“அம்மாதான்” என்றாள் தங்கை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ பஸ்ஸை விட்டுட்டேன்னு போன் பண்ணினே இல்ல, அப்புறம் நான் போய்ச் சொன்னேன். ஏன் விட்டான்னு கேட்டா. மறைக்கத் தோணல, சொல்லிட்டேன். அப்புறம் பீரோவைக் காட்டினா. அடியில மெரூன் போர்வை இருக்கு, எடுன்னா. எதுக்கும்மான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“மாஸ்க்கை எடுக்கச் சொன்னா. எடுத்தேன். ‘நாலா மடிச்சு நாற்காலில போடு. பெரியவ வந்தா கூச்சப்படாம உக்காரட்டும்’னா. அவளை அவசரப்படுத்தாதே, மெதுவா வரட்டும்னா. அவ்வளவுதான்க்கா. அதுக்கப்புறம் பேசல.”

நான் நேரத்துக்கு வராததற்கு அம்மா என்மேல் குறைபடவில்லை. ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டு, மூச்சை மிச்சம் பிடித்து, எனக்கு உட்கார இடம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். அதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை. குனிந்து அம்மாவின் காதோரம், பஸ்ஸில் நினைத்தபடியே, “எனக்குப் புரிஞ்சுடுச்சும்மா” என்றேன். காது சில்லென்று இருந்தது.

சாகும் நேரத்தில் அம்மா சொன்னதையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. போர்வையின் மடிப்பை ஒரு தடவை நீவிவிட்டு, அதன்மேல் கூச்சப்படாமல் உட்கார்ந்தேன்.